கடைசிப் பன்னிரண்டு நிமிடம்

ஷார்ஜா அல் நஹ்தாவில்
மால் ஒன்றின் மூன்றாம் மாடி.
ஒன்பதாம் அரங்கின் கதவோரம்
துடைப்பமும் குப்பைப் பையுமாய் நிற்பேன்,
படம் முடியப் பன்னிரண்டு நிமிடம் இருக்கையில்.
அதற்கு முன்னால் உள்ளே விடமாட்டார்கள்.
அதனால் எனக்குத் தெரிந்த இந்திப் படமெல்லாம்
இறுதிப் போட்டியில்தான் பிறக்கிறது.

இந்த மாதம் ஓட்டக்காரி.
போன வருடம் ஒரு குத்துச்சண்டைக்காரி.
ஆட்டம் மாறும்,
காலரியில் இருக்கும் அப்பா மாறமாட்டார்.
அவள் பாய்ந்து வரும் நேரம் பார்த்து
கேமரா அவர் முகத்துக்குப் போய்விடும்.
அவர் அழுது முடிப்பதற்குள்
பாதி வளைவு போயிருக்கும்.
அந்தப் பாதி வளைவில்தான்
தொடை கல்லாகும்.
அதை ஒரு படத்திலும் பார்த்ததில்லை.

பிறகு கோச்சின் குரல்,
எப்போதோ மழையில் அவர் சொன்னது,
சரியாக இப்போது அவள் காதில்.
எனக்குக் கேட்டதெல்லாம்
என் மூச்சும்
பக்கத்து லேன்காரியின் ஸ்பைக்ஸும்தான்.

ஆமாம், ஓடினேன்.
பேட்ஜுக்காகப் 'பூங்கா' என்று வெட்டிய
பூங்காவனம்,
திருவண்ணாமலை மாவட்டத்தில்
நானூறு மீட்டர், இரண்டு தடவை இரண்டாவது.
இரவல் ஸ்பைக்ஸ், பெரிது, முனையில் பஞ்சு.
அப்பா அன்றைக்குச் செங்கம் ரோட்டில்
லாரி டயர் மாற்றிக்கொண்டிருந்தார்.
போட்டி என்று அவரிடம் சொன்னேனா, நினைவில்லை.
யாரும் என்னைத் தடுக்கவில்லை.
முடியை வெட்டவில்லை, கதவைப் பூட்டவில்லை.
படமெடுக்க அது போதாது.
பிறகு ஓசூரில் கம்பெனி வேலை.
ஒரு திங்கட்கிழமை ஓடவில்லை.
செவ்வாயும்.

திரையில் அடியில் அரபு எழுத்து
வலமிருந்து இடமாய்ப் போக,
நாயகி இடமிருந்து வலமாய் வருகிறாள்
குதிகாலில் இறங்கி.
முகத்துக்குப் பூசிய கறுப்பு
கழுத்தோடு நின்றுவிட்டது.
வியர்வை எல்லாம் ஒரே அளவுத் துளி.

நாலு நாள் அவளைத்தான் பார்த்தேன்.
ஐந்தாம் நாள் இரண்டாம் காட்சியில்
கண் பக்கத்தில் போயிற்று.
நாலாவது லேன்.
முட்டி உயர்கிறது, தோள் அசையவில்லை,
பாதத்தின் முன்பந்து மட்டும் தரையைத் தொடுகிறது.
அடிப்பாவி, நீ ஓட்டக்காரி!
கடைசி முப்பது மீட்டரில்
அவள் குதிகாலை ஊன்றினாள்.
பிரேக்.
யாருக்கும் தெரியாத பிரேக்.

நடிகையிடம் தோற்பதற்கு
எவ்வளவு அளந்து ஓடவேண்டும்!
முந்திவிடக்கூடாது,
விட்டுக்கொடுப்பதும் தெரியக்கூடாது,
வாயைப் பிளந்து ஏமாந்தவள்போல் விழவும் வேண்டும்.
பத்துத் தடவையாவது எடுத்திருப்பார்கள்.
தடவைக்கு இவ்வளவு என்றா, நாளுக்கு இவ்வளவு என்றா?

அன்றிலிருந்து பெயர்கள் ஏறும்போது
பாப்கார்னைக் கூட்டியபடி
அண்ணாந்து பார்ப்பேன்.
சமையல்காரர் வந்தார். டிரைவர்கள் வந்தார்கள்.
நாய் பழக்கியவர் பெயர்கூட வந்தது.
அதற்குப் பிறகு பொடி எழுத்தில் ஒரு கூட்டம்;
ஆங்கிலத்தை நான் எழுத்துக் கூட்டுவதற்குள்
சூப்பர்வைசர் விளக்கைப் போட்டுவிடுவான்.
அடுத்த காட்சிக்கு எட்டு நிமிடம், பூங்கா, சீக்கிரம்.

இரண்டு வாரம் ஓடியது. எடுத்துவிட்டார்கள்.
இப்போது ஒன்பதில் ஏதோ பேய்ப்படம்.

எட்டாம் அரங்கு மாரிடெஸுக்கு இலோய்லோ ஊர்.
பள்ளியில் வாலிபால் ஆடினாளாம்,
சுண்டுவிரல் இன்னும் நிமிராது.
ஸஜா கேம்ப் போகும் வேனில்
தினமும் கேட்பாள், கேலிக்குத்தான்,
இன்று யார் ஜெயித்தது என்று.
கடைசி நாள் இரவு சொன்னேன்,
"நாலாவது லேன்."
ஓ, என்றாள்.
ஷூவைக் கழற்றிக் காலைப் பிசைந்துகொண்டாள்.
சிக்னல் வெகுநேரம் சிவப்பிலேயே இருந்தது.